ஒரு கல்யாண வீடியோவும் சில இணையதளங்களும்

எடிட்டிங் வேலைக்கு இணையத்தில் என்னென்ன கிடைக்கும், எங்கே போய்த் தேடலாம் என்று கல்லூரி நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பட்டியல் போடுவது சுலபம். ஆனால் அந்தப் பட்டியல் எனக்குக் கிடைத்த விதம் கொஞ்சம் அசிங்கமானது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்களுக்கு உபயோகப்படும். எனவே முதலில் என் வண்டவாளத்தைத் தண்டவாளம் ஏற்றிவிடுகிறேன்.

2023-ல் நான் இளங்கலை முதல் வருடம். கல்லூரி முடிந்ததும் மதுரையில் ஒரு மாடி அறையில் இருந்த மிக்ஸிங் சென்டருக்கு வேலைக்குப் போவேன். (கல்யாண வீடியோ எடிட் செய்வதை எங்கள் பக்கம் மிக்ஸிங் என்றுதான் சொல்வோம்.) அங்கே ரோஜாப்பூ பார்டருக்குள் மாப்பிள்ளை பெண்ணை உட்கார வைத்துக்கொண்டிருந்தாலும், மனசுக்குள் ஓடியது வேறு படம். எங்கள் ஊர்ச் சேவல் சண்டையை வைத்து 2011 பொங்கலுக்கு வந்ததே ஆடுகளம், அதற்காக எடிட்டர் கிஷோருக்குத் தேசிய விருது கிடைத்தது. 2015-ல், 36 வயதில் அவர் இறந்துபோனார். இறந்த பிறகு விசாரணை படத்துக்காக மறுபடியும் அதே விருது. அவரைப் போல ஆக வேண்டும் என்பது என் கனவு. கனவுக்கு யார் காசு கேட்கப்போகிறார்கள்?

அந்த வருடம் தை மாதம் திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணம். பெண் வீடு மேலூர்ப் பக்கம். இரண்டு கேமராவில் எடுத்த எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, மெமரி கார்டுகளை அடுத்த முகூர்த்தத்துக்குக் கொடுத்துவிட்டோம். சீசனில் அப்படித்தான் நடக்கும். பதினைந்து நாள் மிக்ஸிங் வேலை ஓடியது. தாலி கட்டும் இடத்தில் பூ கொட்டுவதுபோல ஒரு புது எஃபெக்ட் போட்டால் நன்றாக இருக்குமே என்று எனக்குத் தோன்றியது. அந்த பிளக்-இன்னின் விலையைப் பார்த்தேன், என் மூன்று மாதச் சம்பளம். உடனே 'கிராக்' என்று சேர்த்துத் தேடினேன். முதல் பக்கத்திலேயே வந்தது. 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்று போட்டிருந்தார்கள். அணைத்தேன். திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டதோடு நாயையும் நானே பிடித்துக் கட்டிப்போட்டேன்.

மறுநாள் எந்த ஃபைலும் திறக்கவில்லை. ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நான்கு எழுத்து. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம்: 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதி விலை, 490 டாலர். அப்போதைய கணக்கில் சுமார் நாற்பதாயிரம் ரூபாய்! ஆடித் தள்ளுபடியை மிஞ்சிவிட்டார்கள்.

நான் செய்ததை அண்ணனிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், "பொண்ணு வீட்டுக்கு யார்டா சொல்றது?" என்றார். சொல்வதற்குள் அவர்களே வந்துவிட்டார்கள். பெண்ணின் அம்மா மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் கேட்டார்:

"தம்பி, தாலி கட்டுறப்ப எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு. ஒண்ணுமே தெரியல. தொடச்சிட்டு நிமிந்து பாத்தா எல்லாரும் அட்சதை போட்டு முடிச்சிட்டாக. மத்ததெல்லாம் மெதுவாக் குடு. அதை மட்டும் இப்பக் காட்டுப்பா."

இன்னும் ஒரு வாரம் ஆகும்மா என்று பொய் சொல்லி அனுப்பினேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்போதுதான் இணையத்தில் ஒழுங்காகத் தேட ஆரம்பித்தேன்.

ஐடி ரான்சம்வேர் என்று ஒரு தளம். மிரட்டல் கடிதத்தையும் கெட்டுப்போன ஒரு ஃபைலையும் கொடுத்தால், எந்த வகை என்று சொல்லிவிடும். எங்களுடையது 'ஸ்டாப்' வகை. பெரும்பாலும் கிராக் சாஃப்ட்வேர் வழியாகவே பரவுவது என்று படித்தபோது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இதற்கு எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019-ல் ஓர் இலவச மருந்து வெளியிட்டிருந்தது. ஆனால் புதிய வகைகளில், ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிச்சாவி போட்டுப் பூட்டியிருந்தால் அது வேலை செய்யாது. எங்களுக்குத் தனிச்சாவி. போச்சு.

அப்புறம்தான் ஒரு வெளிச்சம். இந்த வைரஸுக்கு அவசரம். எவ்வளவு பெரிய ஃபைலாக இருந்தாலும் முதல் 150 கிலோபைட் அளவை மட்டும் பூட்டிவிட்டு அடுத்ததற்கு ஓடிவிடும். சின்ன ஃபைல் என்றால் முழுசாகக் காலி. 4 ஜிபி வீடியோவில் அது ஒரு வினாடிகூட இல்லை. எந்தக் காட்சி எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணையும், கேமராக்கள் எழுதும் எம்பி4 ஃபைலில் பெரும்பாலும் கடைசியில்தான் இருக்கும். அதை வைரஸ் தொடவே இல்லை. இதைப் பயன்படுத்தி இத்தகைய வீடியோக்களைச் சரிசெய்ய, டிஸ்க்டூனா தளத்தில் 'மீடியா ரிப்பேர்' என்று ஒரு கருவியை இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். அதற்கு அதே கேமராவில், அதே செட்டிங்கில் எடுத்த ஒரு நல்ல வீடியோ மாதிரிக்கு வேண்டும். இரண்டு கேமராவையும் கொண்டுவரச் சொல்லி, சுற்றுகிற மின்விசிறியை ஒவ்வொரு நிமிடம் எடுத்தோம். கெட்ட ஃபைல்களின் பிரதியைச் சுத்தமான வேறொரு கம்ப்யூட்டருக்கு மாற்றி, அங்கே ஓட்டினோம்.

வந்துவிட்டது! ஆனால் எல்லாம் வரவில்லை. பதினைந்து நாள் மிக்ஸிங் செய்த ப்ராஜெக்ட் ஃபைல் போனது போனதுதான். ஒதுக்கி வைத்திருந்த போட்டோக்களும் போய்விட்டன. தாலி கட்டும் காட்சி மட்டும் முழுசாக இருந்தது.

அந்த அம்மாவை வரச் சொல்லி, நடந்ததை எல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வைரஸ் பற்றி அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பூவும் இல்லை, பார்டரும் இல்லை, வெறும் காட்சி. தாலி ஏறியது. "இன்னொருக்கா போடுப்பா" என்றார். போட்டேன். ஐந்து தடவை. நான் எந்த எஃபெக்டுக்காக இவ்வளவு கூத்தும் செய்தேனோ, அதை அவர் கேட்கவே இல்லை.

பிற்பாடு வால்டர் மர்ச் என்ற எடிட்டரைப் பற்றிப் படித்தேன். தி இங்கிலீஷ் பேஷன்ட் படத்துக்காக 1997-ல் ஆஸ்கர் வாங்கியவர். ஒரு வெட்டு சரியா என்று பார்க்க அவர் ஆறு விஷயங்களுக்கு மார்க் போடுகிறார். அதில் உணர்ச்சிக்கு மட்டும் 51. கதைக்கு 23. தாளத்துக்கு 10. மிச்ச மூன்றுக்கும் சேர்த்து 16. பூக்கொட்டும் எஃபெக்டுக்கு மார்க்கே இல்லை :-)

சரி, பட்டியலுக்கு வருவோம். எல்லாம் நேர்வழியில் இலவசமாகக் கிடைப்பவை.

டாவின்சி ரிசால்வ்: சினிமாக்காரர்களே பயன்படுத்தும் சாஃப்ட்வேர். பிளாக்மேஜிக் நிறுவனம் இதன் இலவசப் பதிப்போடு, பயிற்சிப் புத்தகங்களையும் பழகுவதற்கான காட்சிகளையும் தன் தளத்தில் இலவசமாகவே தருகிறது. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் திணறும். அப்படிப்பட்ட கம்ப்யூட்டர்களுக்கு ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் போதும்.

எஃப்எஃப்எம்பெக்: 2000-ல் தொடங்கப்பட்டது. பட்டன் எதுவும் கிடையாது, கட்டளையை டைப் அடிக்க வேண்டும். ஒரே கேமராவின் துண்டுகளைத் தரம் குறையாமல் சில நிமிடங்களில் ஒட்டித் தரும். பயமாக இருந்தால், வீடியோவை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற மட்டும் ஹேண்ட்பிரேக் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரீசவுண்ட்: பார்சிலோனாவில் ஒரு பல்கலைக்கழகம் 2005-ல் தொடங்கிய ஒலிக் களஞ்சியம். மழை, மணி, கூட்டம் என்று எதைத் தேடினாலும் இருக்கும். ஒவ்வொரு ஒலிக்கும் உரிமம் வேறு, படித்துப் பாருங்கள். 'வணிகத்துக்கு அல்ல' என்று இருந்தால் காசு வாங்கும் கல்யாண வேலைக்கு அது ஆகாது.

பிரெலிங்கர் ஆவணக் காப்பகம்: இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இருக்கிறது. பழைய விளம்பரப் படங்கள், பாடப் படங்கள் எக்கச்சக்கம். பல படங்களுக்குக் காப்புரிமை கிடையாது. ஒன்றை இறக்கி மூன்று நிமிடமாக வெட்டிப் பாருங்கள், எடிட்டிங் கை வர ஆரம்பிக்கும்.

நோ மோர் ரான்சம்: நெதர்லாந்து போலீஸும் யூரோபோலும் சில பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016-ல் தொடங்கியது. பூட்டைத் திறக்கும் இலவசக் கருவிகள் இங்கே இருக்கின்றன. பணம் கட்டுவதற்கு முன்னால் இங்கே போங்கள். நம் நாட்டில் இணைய மோசடியில் பணம் பறிபோனால் உடனே 1930-க்கு போன் செய்யலாம்.

கடைசியாக, எந்தத் தளமும் தேவைப்படாத ஒன்று: 3-2-1. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். இப்போது எங்கள் சென்டரில் இரண்டாவது பிரதி எடுக்காமல் எந்த மெமரி கார்டும் அடுத்த கல்யாணத்துக்குப் போகாது. கார்டு கேட்டு கேமராமேன்கள் சத்தம் போடுவார்கள், போடட்டும். மூன்றாவது பிரதி அண்ணன் வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது. அண்ணிக்குத்தான் கொஞ்சம் கோபம்.

உங்களுக்குத் தெரிந்த நல்ல தளம் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள். கிராக் மட்டும் வேண்டாம் சாமி!