மூச்சுக்கு இடமில்லாத பாட்டு

படமாளிகையை விட்டு வெளியே வந்த நால்வரில் மூவரின் கண்கள் கலங்கியிருந்தன. நான்காமவன் காதைத் தேய்த்துக்கொண்டு நின்றான். "உனக்கென்ன மச்சான், நெஞ்சு கல்லோ?" என்றான் ஒருவன். பரீட்சை முடிந்த மகிழ்ச்சியில், சாப்பாட்டுக் காசை மிச்சம்பிடித்துக் கூடிவந்து பார்த்த படம். பிடிக்கவில்லை என்று சொல்லவும் அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

2001 இல் பாஸ் லூர்மன் நெறிப்படுத்திய 'மூலான் ரூஜ்' அன்று கொழும்பிலே சிறப்புக் காட்சியாக மீண்டும் காட்டப்பட்டது. 1900 ஆம் ஆண்டளவிற் பாரிஸ் நகரத்து ஆடலரங்கொன்றின் நாயகி; அவளைக் காதலிக்கும் வறிய எழுத்தாளன்; அவளை விலைக்கு வாங்க நிற்கும் கோமகன். கதை இவ்வளவே. அதன்மேல் ஏற்றப்பட்டவையோ அனந்தம். யானை வடிவில் ஒரு மாளிகை, பாடுகின்ற நிலவு, 1970 இல் எல்டன் ஜோன் பாடிய பாட்டை எழுபது ஆண்டுகள் முந்தியே பாடிவிடும் காதலன், போதாக்குறைக்குக் கதைக்குள் வரும் நாடகத்திலே ஒரு போலி இந்தியா. இந்தியாவிற் பார்த்த இந்திப் படமொன்றே தமக்குத் தூண்டுதல் என நெறியாளர் கூறியிருப்பதால் இக்கடைசிக் குற்றத்தை மன்னித்துவிடலாம். எட்டு ஒஸ்கார் பரிந்துரைகளைப் பெற்று, கலை நெறியாள்கைக்கும் ஆடையமைப்புக்குமாக இரண்டு விருதுகளை வென்ற படம் அது. அவ்விரண்டுக்கும் அது தகுதியுடையதென்பதை அவன் மறுக்கவில்லை.

"எல்லாம் மிகை. அதுதான் பிடிக்கேல்லை" என்றான்.

"அப்ப கூத்து? கூத்திலை சாகப்போறவனும் விருத்தம் பாடித்தானே சாகிறான்?"

அவன் வாயடைத்துப்போனான். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையிலே 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை மேடையேற்றிய வரலாற்றைப் படித்துப் பெருமைகொள்ளும் கலைப்பீட மாணவன், மிகையைக் குற்றமென்று சொல்வது எங்ஙனம்?

பேருந்திலும் அக்கேள்வி அவனை விடவில்லை. கூத்திலே ஆட்டக்காரன் ஓரடியைப் பாடுகிறான். பிற்பாட்டுக்காரர் அதனை வாங்கிக்கொள்கின்றனர். அந்த இடைவெளியில் அவன் மார்பு ஏறி இறங்குவதைச் சபையிலுள்ளோர் காண்கின்றனர். உரத்த குரல்தான், ஆயினும் ஒரு மனிதனின் மூச்சிலிருந்து வருவது. படத்திலோ பெரும் ஆட்டக் காட்சிகளில் ஒரு முகம் கண்ணில் நிலைக்குமுன் அடுத்த முகம் வந்துவிடுகிறது. ஒரு பாட்டு முடியுமுன் இன்னொரு பாட்டு அதன்மேல் ஏறிவிடுகிறது. மூச்சு வாங்குவதற்கு யாருக்கும் நேரமில்லை. இத்தனைக்கும் நாயகியைக் கொல்வது காசநோய்!

வேர்டியின் 'லா திராவியாத்தா'விலும் (1853) நாயகி அந்நோயால் பாடியபடியேதான் மடிகிறாள். நம்மவர் படங்களிற் கைக்குட்டையில் இரத்தம் கக்கிய கதாநாயகர்கள் எத்தனை பேர்! அவர்கள்மீது அவனுக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. ஆகவே தன் வெறுப்பு நியாயமானதுதானா என்ற ஐயம் அவனுக்கே இருந்தது. ஆனால் வீட்டில் அம்மம்மா இருந்தார்.

அம்மம்மா 1960களில், மணமான புதிதில், காசநோய் கண்டு மாதக்கணக்கில் வைத்தியசாலையிற் கிடந்து, ஊசிமருந்தால் மீண்டவர். குணமடைந்த பின்னும் புகுந்த வீட்டார் அவருடைய மூக்குப்பேணியை வேறாகவே வைத்தனர். அவர்களெல்லாரும் இறந்து நெடுங்காலமாயிற்று. இன்றும் அந்தப் பேணி அடுக்களை யன்னலிலே தனியே இருக்கிறது. தேநீர் ஊற்றும்போது அம்மம்மா அதைத் தாமாகவே தேடி எடுப்பார்.

விடுமுறையில் யாழ்ப்பாணம் சென்றபோது படத்தின் கதையை அவருக்குச் சொன்னான். இறுதிக் காட்சியில் நாயகி மேடையிலே உச்சக்குரலிற் பாடிவிட்டு, திரை விழுந்ததும் காதலனின் மடியில் உயிர்விடுவதைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

"கசத்தோடை பாட்டோ? எனக்குத் தண்ணி கேக்கவே மூச்சு வரேல்லை."

சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அது கிடக்கட்டும் தம்பி. அவளின்ரை பேணியை ஆர் கழுவினது?" என்று கேட்டார்.

படத்தில் அது காட்டப்படவில்லை என்றான் அவன்.