மனுப் போடுவதற்கு முன்

ஜூன் 9, 2025, திங்கள்

மெல்போர்ன் நண்பர் மறுபடியும் எழுதியிருக்கிறார். சர்வதேச முதியோர் மனநலச் சங்கத்தின் அடுத்த தலைவர் தேர்தலில் நான் நிற்க வேண்டுமாம். "உங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தால் நன்றாக இருக்கும்" என்கிறார். உங்கள் பக்கம் என்றால் ஏழை நாடுகளின் பக்கம். நாகரிகமாகச் சொல்கிறார்.

தலைவர் பதவி என்றதும் மேடையும் பூங்கொத்தும் நினைவுக்கு வருகிறவர்கள் ஒரே ஒரு குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். இன்று மாலை ஐந்தரைக்குக் கூடினோம். நியூயார்க்கில் அப்போது காலை எட்டு, லண்டனில் பகல் ஒன்று, சிட்னியில் இரவு பத்து. கலிபோர்னியாக்காரர் விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து வந்திருந்தார். என் அறைக்கு வெளியே புறநோயாளிகள் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். கொட்டாவி விடுகிறவரையும், காலைக் காப்பி தந்த தெம்பில் வாதாடுகிறவரையும் ஒரே தீர்மானத்தில் கையெழுத்துப் போடவைப்பதுதான் தலைவர் வேலையில் பாதி. மீதிப் பாதி என்ன என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 11, புதன்

பழைய கோப்புகளைப் புரட்டினேன். சங்கத்தின் முதல் மாநாடு 1982-இல் கெய்ரோவில் கூடியது. அதே 1982-இல், மதுரையை ஒட்டிய ஒரு சிறுநகர்ப் பகுதியில் முதியவர்களின் மனநோய் பற்றி எடுத்த கணக்கெடுப்பைப் பேராசிரியர் வெங்கோபா ராவும் மாதவனும் இந்திய மனநல மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். உலகமே அப்போதுதான் இந்தத் துறைக்கு நாற்காலி தேடிக்கொண்டிருந்தது. நம் ஊர்க்காரர்கள் தெருத் தெருவாகப் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இது மதுரையிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

1998-இல் கொச்சியில் ஓர் ஆய்வுக்குழு உருவானது. உலகின் டிமென்ஷியா நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றியதாக இல்லை. அந்த அநியாயத்தையே பெயராக்கி 10/66 என்று வைத்துக்கொண்டார்கள். சென்னையும் வேலூரும் அதன் களங்களாயின. அதன் பிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆனால் மாநாட்டு மேடைகளைப் பார்த்தால் அந்த மாற்றம் தெரிவதில்லை. விமானச் சீட்டுக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் வழியுள்ளவர் வருகிறார், வந்தவர் பேசுகிறார்.

ஜூன் 13, வெள்ளி

எண்பதை நெருங்கும் முன்னாள் லாரி டிரைவர். டிமென்ஷியா கண்டு மூன்று வருடம். மருமகள்தான் கூட்டிவந்தார். "டாக்டர், மாமாவுக்குத் தூங்குற மாத்திரை ஏதாச்சும் எழுதிக் குடுங்க. மூணு ராத்திரியா வீட்டுல யாரும் கண்ண மூடல. நேத்து அவர் மேலயே கைநீட்டிட்டாரு." அவர் என்றது தன் கணவரை. அவர் தலை குனிந்தபடி நின்றார்.

பெரியவரால் உட்கார முடியவில்லை. நடக்கிறார், திரும்புகிறார், வேட்டியை இழுக்கிறார், தொடப் போனால் கையைத் தட்டிவிட்டு வசவு. எங்கள் தேர்வுத்தாளில் கேட்கும் கேள்வி அப்படியே எதிரில் நடமாடியது. நானும் மருந்துச்சீட்டை எடுத்தேன். சிஸ்டர்தான், "மேடம், வயித்தக் கொஞ்சம் பாருங்களேன்" என்றார். தொப்புளுக்குக் கீழே கல்போல் இறுகி இருந்தது. போன வாரம் சளிக்கென்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரை, ஏற்கனவே வீங்கியிருந்த புராஸ்டேட்டோடு சேர்ந்து சிறுநீரை அடைத்திருக்கிறது. டியூப் போட்டதும் முக்கால் லிட்டருக்கு மேல் வந்தது. கட்டிலிலேயே குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். மகன் வெளியே போய் எல்லோருக்கும் டீ வாங்கிவந்தார்.

ஜூன் 15, ஞாயிறு

உலக முதியோர் வன்கொடுமை விழிப்புணர்வு நாள். அரிமா சங்கத்தில் சால்வை போட்டார்கள். மேடையில் முதியவர் ஒருவரும் இல்லை, என்னைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலில் 'முதுமை' என்பதையே ஒரு தலைப்பாகச் சேர்க்கப் பார்த்தார்கள். பல நாட்டு முதியோர் அமைப்புகளும் மருத்துவர்களும் எதிர்த்தார்கள். 2022 ஜனவரியில் பட்டியல் நடைமுறைக்கு வந்தபோது அது மாற்றப்பட்டிருந்தது. அந்தத் தலைப்பு அப்படியே இருந்திருந்தால் "வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்று வீட்டில் சொல்வதை டாக்டரும் எழுதி முத்திரை குத்தியிருக்கலாம். இந்த ஏப்ரலில் முதியோர் உரிமைக்கான சர்வதேச உடன்படிக்கையை வரைய ஒரு பணிக்குழு அமைக்க ஐ.நா. மனித உரிமை மன்றம் முடிவெடுத்திருக்கிறது. வரைவு முடியும்போது நான் எந்த வார்டில் இருப்பேனோ!

ஜூன் 18, புதன்

டிரைவர் பெரியவர் மனதைவிட்டுப் போகவில்லை. டிமென்ஷியாவில் வரும் இந்தக் கொந்தளிப்புக்கு எங்கள் சங்கம்தான் 2015-இல் தற்காலிக வரையறை ஒன்றைத் தந்தது. 2023-இல் அதை உறுதிசெய்தது. அளவுமீறிய நடமாட்டம், வாய்ச்சண்டை, கைச்சண்டை. இவற்றால் நோயாளிக்குத் தவிப்பும் முடக்கமும் இருக்க வேண்டும். கடைசியாக ஒரு நிபந்தனை: இது முழுக்க முழுக்க வேறொரு நோயாலோ, கவனிப்புச் சரியில்லாத சூழலாலோ வந்ததாக இருக்கக் கூடாது. அதாவது, முதலில் வயிற்றைத் தொட்டுப் பார்.

வரையறை வந்ததால் நல்லது நடந்தது. ஆளுக்கு ஒரு கணக்காக இருந்த மருந்துச் சோதனைகளுக்குப் பொது அளவுகோல் கிடைத்தது. அந்த அளவுகோலோடு சோதிக்கப்பட்ட பிரெக்ஸ்பிப்ரசோலை 2023 மே மாதம் அமெரிக்கா அனுமதித்தது. அல்சைமர் கொந்தளிப்புக்கென்றே அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மனநோய் மருந்துகளால் மரண அபாயம் கூடும் என்ற கறுப்புக்கட்ட எச்சரிக்கை அதற்கும் உண்டு.

ஒரு நிலைக்கு வரையறை எழுதும்போதே அதற்குச் சந்தையும் திறந்துவிடுகிறோம். மருத்துவ மாநாடுகளின் செலவில் மருந்து நிறுவனப் பணம் இருப்பது ஊரறிந்த சங்கதி. அந்தப் பணமே கூடாது என்று சொல்லும் சுத்தக்காரி இல்லை நான். அது இல்லாவிட்டால் கென்யாவிலிருந்தோ நேபாளத்திலிருந்தோ ஓர் இளம் மருத்துவரை எப்படி வரவழைப்பது? ஆனால் மருந்து விற்பவர் வாயில் அந்தக் கடைசி நிபந்தனை கடைசியாகத்தான் வரும், வந்தால். அதை முதலில் சொல்லும் ஆள் மேடையில் இருக்க வேண்டும். தலைவர் வேலையின் மீதிப் பாதி இதுதான் என்று தோன்றுகிறது. நல்ல மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை. காசு கொடுப்பவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதும் முகம் சிவக்காமல் சொல்லத் தெரிந்தால் போதும்.

ஜூன் 21, சனி

நிற்கிறேன் என்று நண்பருக்கு எழுதிவிட்டேன். வேட்பாளர் அறிக்கையையும் எழுதி முடித்தாயிற்று. மூன்று விஷயம்: எந்த அமர்வுக்கு எந்த நிறுவனம் எவ்வளவு கொடுத்தது என்பதை நிகழ்ச்சி நிரலிலேயே அச்சிட வேண்டும். நோயாளியோடு இரவுபகலாக இருக்கும் செவிலியருக்கும் வீட்டாருக்கும் பயிற்சி நடத்தாத எந்த மாநாட்டுக்கும் ஒப்புதல் தரக் கூடாது. குழுக் கூட்டத்தின் நேரம் சுழற்சியில் வர வேண்டும், எங்களுக்கும் நடுராத்திரி வரட்டும்.

அறிக்கை ஒரே பக்கத்துக்குள் அடங்க வேண்டுமாம். எனக்கு ஒன்றரைப் பக்கம் வந்திருந்தது. பட்டங்களும் விருதுகளும் இருந்த முதல் அரைப் பக்கத்தை எடுத்துவிட்டு அனுப்பினேன்.