சுரங்கக் கரையிலிருந்து கடற்கரைக்கு

"சுவாமி, ஓய்வு பெறுகிறேன், ஓய்வு பெறுகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அதை எப்படிப் பெறுவது என்றுதான் தெரியவில்லை" என்றார் அந்த அன்பர். நெய்வேலிச் சுரங்கத்தில் மண் வெட்டும் இராட்சத இயந்திரங்களோடு முப்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்து, அடுத்த வாரம் பணியிலிருந்து விடைபெறவிருந்தவர் அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால், அருகே நின்ற அவருடைய மனைவியார் சிரிக்கவில்லை.

நெய்வேலியைப் பாராத வாசகர்களுக்கு ஒரு சொல். நேரான சாலைகள், இருமருங்கும் நிழல் மரங்கள், எண்ணிட்ட வட்டங்கள், ஒழுங்கான குடியிருப்புகள். நகரியத்துக்குள் முதன்முறை நுழைபவர், இதனினும் அமைதியான ஊர் உண்டோ என்று வியப்பார். அந்த அமைதியின் விளிம்பில்தான் சுரங்கம் வாய் பிளந்து கிடக்கிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கறுப்புப் பொருளே இவ்வூரின் தலையெழுத்தை மாற்றிற்று. 1956-இல் நிறுவனம் உருவாயிற்று. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிச்சம் கண்டது. 1962-இல் அது மின்சாரமாயிற்று.

இச்சுரங்கத்திற்கு ஒரு தனித்தன்மை உண்டு. நிலக்கரிப் படுகையின் அடியில் ஊற்றுநீர் பேரழுத்தத்தோடு முட்டி நிற்கிறது. அதனை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். இறைப்பது நின்றால் நீர் மேல்நோக்கிப் பீறிட்டுச் சுரங்கத்தின் தளத்தையே பெயர்த்துவிடும். ஆகவே, இங்கே பூமி உறங்க விடுவதில்லை. பூமி உறங்க விடாதபோது மனிதன் எங்ஙனம் உறங்குவான்? முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று வாழ்க்கை சுழல்கிறது. தந்தை உறங்கும் பகற்பொழுதில் குழந்தைகள் ஓசையின்றி விளையாடக் கற்றுக்கொள்கின்றனர். தாயோ மூன்று ஷிப்டுக்கும் மூன்று வகை நேரங்களில் அடுப்பு மூட்டுகிறாள். அவளுக்குப் பணி ஓய்வு நாள் என்று எந்த அலுவலகமும் குறித்து வைத்ததில்லை.

அத்தம்பதியரின் புதல்வர் இருவரும் நல்ல நிலையில் இருப்பவர்கள். பெற்றோரை எங்கேனும் அழைத்துச் சென்று சில நாள்கள் ஓய்வாக வைத்திருக்க விரும்பி, மத்தியதரைக் கடலோர விடுதிகளின் வண்ணப் படங்களைக் காட்டினார்களாம். நீல நீர், வெண்குடைகள், சாய்வு நாற்காலிகள். "அவ்வளவு தூரம் பறந்து போய்ச் சும்மா உட்காரவா?" என்று தாயார் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

அந்தச் 'சும்மா உட்காருதல்' எவருக்கு உரியது என்பதில்தான் ஒரு நெடிய வரலாறு அடங்கியிருக்கிறது. அப்படங்களில் காணும் நீஸ் நகரின் கடற்கரைக்கு ஒரு காலத்தில் குளிர்கால வெயில் தேடி வந்தவர்கள் ஆங்கிலப் பிரபுக்களே. அங்கே கடலை ஒட்டிச் செல்லும் புகழ்பெற்ற உலாச்சாலை 1820-களில் தோன்றியது. கடுங்குளிரால் பிழைப்பிழந்து வாடிய ஏழைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று லூயிஸ் வே என்னும் ஆங்கிலிக்கன் குரு முன்னின்று பணம் திரட்டி அமைத்த பாதை அது. ஏழைகள் சாலை போட்டார்கள், செல்வர்கள் உலாவினார்கள். பிரான்சு நாட்டில் 1936-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் எல்லாத் தொழிலாளருக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதியத்தோடு விடுப்பு உரிமையாயிற்று. அவ்வாண்டு கோடையில், குறைந்த கட்டண இரயிலேறி வந்து, வாழ்வில் முதன்முறையாகக் கடலைப் பார்த்த தொழிலாளர் குடும்பங்கள் பல.

இதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் முன்னரே, 1891-இல், திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தம் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில், செலவழிந்த ஆற்றலுக்கு ஏற்ற ஓய்வு தொழிலாளிக்கு உரியது என்று எழுதினார். பூமியின் வயிற்றிலிருந்து நிலக்கரியும் கல்லும் எடுப்போரைத் தனியே குறிப்பிட்டு, உழைப்பின் கடுமைக்கு ஏற்ப அவர்களது வேலை நேரம் குறைய வேண்டும் என்றும் சொன்னார். நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் ஊதியத்தோடு கூடிய விடுப்பை வகுத்தது. ஆயினும், கிடைத்த விடுப்பை நம்மவர் என்ன செய்கிறோம்? திருமணத்துக்கு நான்கு நாள், வீடு கட்ட பத்து நாள், மருத்துவமனைக்கு மீதி நாள் என்று தீர்த்துவிடுகிறோம்.

இறுதியில் மத்தியதரைக் கடல் வேண்டாம், நம் கடலே போதும் என்று முடிவாயிற்று. எங்கள் பங்கின் ஏழு குடும்பங்கள் ஒரு வேனில் தரங்கம்பாடிக்குப் புறப்பட்டோம். ஏறத்தாழ 100 கிலோமீட்டர்த் தொலைவு. வடலூரும் சேத்தியாத்தோப்பும் கடந்து, புவனகிரியில் வெள்ளாற்றைத் தாண்டி, சிதம்பரத்துக்கு அப்பால் கொள்ளிடப் பாலம் ஏறியதும் காற்றின் மணமே மாறிவிட்டது. சீர்காழி வழியாகச் சென்று, 1792-ஆம் ஆண்டின் நகர வாயிலுக்குள் நுழைந்தபோது மாலை வெயில் சாய்ந்திருந்தது.

தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரோடு 1620-இல் உடன்படிக்கை செய்துகொண்டு டென்மார்க்கு நாட்டார் எழுப்பிய டேன்ஸ்பர்க் கோட்டை, கடலை நோக்கி அமர்ந்திருக்கிறது. 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கியதும், பின்னர்த் தமிழ் அச்சகம் நடத்தியதும் இவ்வூரிலேதான். 1845-இல் டேனியர் இதனை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர். கரையோரத்தில் பழைய மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியை அலைகள் தின்றுவிட்டன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இவ்வூர் மீனவர் குடும்பங்களைத் துயரில் ஆழ்த்திற்று. நமக்கு ஓய்விடமாகத் தோன்றும் இக்கடல் அவர்களுக்குப் பணியிடம். வைகறை இருளில் படகு தள்ளிச் செல்வோரைக் கண்டபோது, எங்கள் அன்பர், "இவர்களுக்கும் இரவு ஷிப்ட்தான், சுவாமி" என்றார்.

கோட்டைக்கு அருகே, முன்னாளில் ஆங்கிலேயக் கலெக்டர் தங்கிய மாளிகையை நீம்ராணா குழுமத்தார் பழுதுபார்த்து விடுதியாக்கினர். உயர்ந்த தூண்கள், அகன்ற தாழ்வாரம், நாற்காலியில் அமர்ந்தால் கண்ணெதிரே கடல். மகன்கள் தாய் தந்தையருக்கு அங்கே இரண்டு இரவுகளுக்கு ஓர் அறை எடுத்துக் கொடுத்திருந்தனர். மற்ற நாங்கள் ஊருக்குள் ஓர் எளிய தங்குமிடத்தில் இறங்கினோம்.

மறுநாட்காலை அவர்களைக் காணச் சென்றேன். அன்பரின் கண்கள் சிவந்திருந்தன. மெத்தை மென்மையாகத்தான் இருந்ததாம், அலையோசையும் இனிமைதானாம். ஆனால், நள்ளிரவில் எழுந்து அமர்ந்து, இயந்திரத்தின் ஓசை ஏன் கேட்கவில்லை என்று செவி சாய்த்திருந்தாராம். முப்பத்தாறு ஆண்டுப் பழக்கத்தை ஓரிரவு கரைத்துவிடுமா?

அம்மையார் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார். பணியாளர் ஒருவர் தட்டில் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அம்மையார் நின்றபடியே பருகினார். பருகி முடித்ததும் கோப்பையைக் கழுவத் தண்ணீர்க் குழாய் எங்கே என்று தேடினார். "வைத்துவிடுங்கள் அம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அந்த இளைஞர் சொன்னதும் அவருக்குக் கை வெறுமையாகிவிட்டது போலிருந்தது. சற்று நேரம் கடலையே பார்த்திருந்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"பிறர் கொடுத்த தேநீரை உட்கார்ந்து குடித்தது எப்போது என்று எண்ணிப் பார்த்தேன், சுவாமி. இளையவன் பிறந்தபோது தாய்வீட்டில் இருந்த நாற்பது நாள்தான் நினைவுக்கு வருகிறது."

அன்பர் ஒன்றும் பேசவில்லை. தம் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். கடல் பேசிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாட்காலை, அம்மையார் அமர்ந்து பருகினார். அன்பரோ காலை எட்டு மணிவரை உறங்கினார். விடுதியின் வசதிகளில் இதனினும் பெரிய ஆடம்பரம் எதையும் நான் கண்டதில்லை.

அன்பார்ந்த பெற்றோரே, பிள்ளைகளே! ஓய்வு சோம்பல் அன்று, ஆடம்பரமும் அன்று, உழைத்தவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது. விடுதி அறைக்குப் பணம் இல்லாதோர் கவலற்க. கடற்கரை மணலுக்குக் கட்டணம் இல்லை. ஆனால், கடலுக்குச் சென்றும் கட்டுச்சோற்று மூட்டையோடு தாய் ஒருத்தியே போராடிக்கொண்டிருந்தால், அப்பயணத்தில் ஓய்வு பெற்றவர் யார் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். அடுத்த விடுப்பில் இரண்டு நாளை ஒதுக்கிவைப்பதோடு, வீட்டில் எவர் கை இதுவரை ஓயவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில வாரங்கள் கழித்து, அவர்கள் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். அம்மையார் எழ முயன்றார். "நீ உட்கார்" என்று சொல்லிவிட்டு அன்பர் சமையலறைக்குள் சென்றார். பாத்திரங்கள் உருளும் ஓசை நெடுநேரம் கேட்டது. பிறகு, மூன்று கோப்பைகளோடு வெளியே வந்தார். தேநீரில் சர்க்கரை மிகுதி. அம்மையார் ஒரு சொல்லும் குறை கூறாமல், உட்கார்ந்தபடியே, கடைசித் துளிவரை பருகினார்.