பழனி மலையின் புல்

திண்டுக்கல்வாசிகளுக்கு மலை என்றால் மேகம். மேகம் என்றால் தண்ணீர். மாலை வேளையில் மொட்டை மாடியில் நின்று மேற்கே நோக்கினால், பழனி மலைத் தொடர் நீலச் சுவர்போல் எழுந்து நிற்கும். "ஆத்தூர்ப் பக்கம் இருட்டுகிறதா, பார்!" என்பாள் என் பாட்டி. குழாயடியில் குடத்துடன் காத்து நின்றே ஆயுளில் பாதியைக் கழித்தவள் அவள். எங்கள் ஊருக்குக் குடிநீர் தரும் ஆத்தூர்க் காமராஜர் அணை, அம்மலையின் ஓடைகளால் நிறைவது.

அந்த மலைமேல் புல்லைப் பார்ப்பதற்கென்றே நான் பிரயாணப்பட்டபோது நண்பர்கள் சிரித்தார்கள். ஏரியில் படகோட்டலாம், குதிரை ஏறலாம், புல்லைப் பார்ப்பாருண்டோ?

கொடைக்கானலின் சரித்திரத்தை 1845-ல் தொடங்குவது வழக்கம். மதுரையின் வெப்பத்துக்கும் நோய்க்கும் அஞ்சிய அமெரிக்கப் பாதிரிமார் அவ்வாண்டு அங்கே இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். அதற்கு முன்பே, 1821-ல், வார்டு என்னும் இராணுவ அதிகாரி மலையை அளந்திருந்தார். 1863-ல், மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு ஓடையைத் தடுத்து ஏரியாக்கினார். மலைப்பாதை 1914-ல் திறக்கும்வரை, துரைமார் பெரியகுளம் பக்கத்திலிருந்து கூலிகளின் தோளில் ஏறி வந்தார்கள். இந்தத் தொடக்கம் எனக்குச் சம்மதமில்லை. தாண்டிக்குடிப் பக்கத்துக் கற்திட்டைகள் யார் வைத்தவை? மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் மலையல்லவா இது? பளியர் குடிகள் எந்நாளும் இங்கேதான் இருந்தார்கள். வீட்டுக்காரன் உள்ளே இருக்கும்போதே விருந்தாளி வீட்டைக் 'கண்டுபிடித்த' கதைதான்!

புல்லின் விஷயத்துக்கு வருகிறேன். சுமார் 7,000 அடி உயரத்தில், பள்ளத்து மடிப்புகளில் குட்டை மரங்கள் நெருங்கிய சோலை, மேடுகளிலெல்லாம் புல். இவ்விரண்டும் மழைநீரை வாங்கி வைத்து, ஓடைகளில் சிறுகச் சிறுக விடுகின்றன. குறிஞ்சி பூப்பதும் வரையாடு மேய்வதும் அந்தப் புல்லில்தான். அதிகாரிகளின் கண்ணுக்கோ அது வெறும் தரிசு. தோல் பதனிடப் பட்டை வேண்டும், ஆலைக்கு மரக்கூழ் வேண்டும் என்று சீகையையும் தைல மரத்தையும் பைனையும் நட்டார்கள். வெள்ளைக்காரன் தொடங்கியதைச் சுதந்திரத்துக்குப் பின் நம்மவர்கள் இன்னும் மும்முரமாய்ச் செய்தார்கள். (தோல் பதனிடுவது எங்கள் ஊரின் பழைய தொழில் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) 40 ஆண்டுகளில் இம்மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதென்று 2018-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது.

மன்னவனூரில், வெள்ளைப்பூண்டு காயவைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அதையே வேறு விதமாய்ச் சொன்னார். "புல்லு இருந்த காலத்திலே சித்திரையிலும் இந்த ஓடை பேசிக்கிட்டே இருக்கும், சாமி. சீகை வந்திச்சு, ஓடை ஊமையாப் போச்சு."

பழனி மலையைத் தேசியப் பூங்காவாக்க வேண்டுமென்று நெடுநாள் பேச்சு நடந்தது. 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 600 சதுர கிலோமீட்டர். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசியப் பூங்காவுக்குள் மேய்ச்சலுக்கு இடமில்லை. சரணாலயத்திலோ குடிகளின் சில உரிமைகள் நீடிக்கலாம். அந்த வேற்றுமை பெரியவருக்கு என்னைவிட நன்றாய்த் தெரிந்திருந்தது. மாடு வைத்திருப்பவர் அல்லவா!

"சீகையை ஒரேயடியாய் வெட்டிவிட்டால் என்ன?" என்று கேட்டேன். அவர் தலையை அசைத்தார். வெட்டிய இடத்தில் வெயில் பட்டதும் மண்ணில் கிடக்கும் விதைகள் ஆயிரமாயிரமாய் முளைக்குமாம். பழைய தோப்புகளின் நிழலிலோ சோலை மரக் கன்றுகள் தாமாகவே தலையெடுக்கின்றன, அவற்றைத் தொடக்கூடாது. புல்வெளி ஓரத்தில் புதிதாய் ஏறும் கன்றுகளைத்தான் வருஷந்தோறும் பிடுங்க வேண்டும். அலுப்பான வேலை, திறப்பு விழா நடத்த இடமில்லாத வேலை!

2018-ல் குறிஞ்சி பூத்தபோது பார்க்க வந்த ஜனங்கள் ஏராளம். வாகன நெரிசல் முற்றி, 2024 மே மாதம் முதல் மலையேற இ-பாஸ் வேண்டுமென்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மோட்டாரை எண்ணுவது நல்லதே. ஓடையையும் யாராவது எண்ணலாம்.

அடுத்த பூ 2030-ல். பெரியவர் விரல்விட்டுத் தம் வயதைக் கணக்கிட்டார், எண்பதைத் தாண்டும். பிறகு எதிர்ச் சரிவைக் காட்டி, "அதுக்குள்ளே அந்த மேட்டிலே சீகை ஏறாமப் பாத்துக்கிடணும்" என்று சொல்லிவிட்டு, பூண்டைப் புரட்டிப்போடக் குனிந்தார்.