ஏலகிரியில் எதிர்க்காற்று

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பர். அம்மி பறந்ததை யாம் கண்டதில்லை. நாற்பத்து மூன்று அகவை கடந்த தமிழ் விரிவுரையாளர் ஒருவர் மலைச்சாலையின் நடுவே, கால்கள் இயங்கியும் இடம் பெயராமல், நின்ற நிலையிலேயே ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டிருக்கிறோம். அவ்விரிவுரையாளர் யாமே. 2023ஆம் ஆண்டு ஆடித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி மலையில் அரை மாரத்தான் ஓடிய கதையைத்தான் இம்மலருக்கு எழுதப் புகுந்துள்ளோம். இலக்கியக் கட்டுரை கேட்டிருந்த மலர்க்குழுவினர் பொறுத்தருள்க.

எம் ஊர் கவரைப்பேட்டை. 2024 அக்டோபர் 11 இரவு விரைவுத் தொடர்வண்டி ஒன்று நின்றிருந்த சரக்கு வண்டியின்மீது மோதியதால் நாடெங்கும் ஒலித்த பெயர்; உயிரிழப்பு நேராதது இறையருள். அதற்கு முன்னெல்லாம் ஊர்ப்பெயரைச் சொன்னால், "கும்மிடிப்பூண்டிக்கு முந்தைய நிலையம்" என்று விளக்கவும் வேண்டியிருந்தது. தரையோடு தரையாகக் கிடக்கும் ஊர் அது. மேடு என்று சொல்ல எமக்கு வாய்த்தது நெடுஞ்சாலை மேம்பாலத்தின் சரிவு ஒன்றே.

அந்தச் சரிவில் யாம் ஓடத் தொடங்கியதற்குக் காரணம் விளையாட்டு ஆர்வம் அன்று. எம் அத்தா சர்க்கரை நோயால் ஒரு பாதத்தை இழந்தவர்கள். அந்நோய் எம்மையும் தேடி வந்துவிட்டதென்று குருதிச் சோதனைத் தாள் அறிவித்த நாளில், அத்தாவின் கட்டிலடியில் கிடந்த ஒற்றைச் செருப்பே எம் கண்முன் நின்றது. மருத்துவர் நடக்கச் சொன்னார், நடந்தோம். நடை மெல்ல ஓட்டமாயிற்று. விடியலில் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் மேம்பாலத்தில் ஏறி இறங்குவோம். சரக்குந்து ஓட்டுநர்கள் எம்மை வேடிக்கை பார்த்துச் செல்வர்.

எம் கல்லூரி உடற்கல்வி இயக்குநர் எமக்கு நெருங்கிய நண்பர். "பாலத்தில் ஓடியது போதும் பேராசிரியரே, மலைக்கு வாருங்கள்" என்று அவர்தாம் அழைத்தார். அவர் நோக்கம் வேறு. நெடுந்தொலைவு ஓட்ட அணிக்கு மாணவன் ஒருவனைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. மலையில் இரண்டு மணி நேரத்திற்குள் முடித்தால் அவன் பெயரை அனுப்புவதாகச் சொன்னார்.

அம்மாணவன் எமக்குப் புதியவன் அல்லன். எம் ஊருக்கு அடுத்த சிற்றூரினன், எம் வகுப்பினன், முதற்பாடவேளைக்கு வாரத்தில் மூன்று நாளேனும் பிந்தி வருபவன். கண்கள் சிவந்து, சட்டை கசங்கி, வாயிலில் வந்து நிற்பான். ஒருநாள் வகுப்பறையே கேட்கும்படி, "ஓடுவதற்குக் கால் இருக்கிறது, வகுப்பிற்கு வரத்தான் கால் இல்லையோ?" என்று கேட்டோம். மாணவர்கள் சிரித்தனர். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அன்று வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே சுழியிட்டோம். அதன் பின்னும் பல நாள் இட்டோம்.

மாரத்தான் தொலைவு 42.195 கிலோமீட்டர். 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பெற்று, 1921இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. அதில் சரிபாதி எம் பங்கு. சமவெளியில் அதுவே போதிய துன்பம். மலையிலோ கணக்கே வேறு. ஏற்றத்தில் இழந்த வலிமையை இறக்கம் முழுமையாகத் திருப்பித் தருவதில்லை. கடன் கொடுத்தவன் வட்டியை விட்டு அசலிலும் பாதியைப் பெறுவது போன்றது அது.

திருப்பத்தூர் மாவட்டத்து ஏலகிரிக்கு ஏறும் சாலை பொன்னேரி என்னும் ஊரில் தொடங்குகிறது. எம் கவரைப்பேட்டைக்கு முந்தைய நிலையமும் பொன்னேரியே! வீட்டை விட்டு வெகுதூரம் வந்துவிடவில்லை என்று நெஞ்சம் பொய்யாய்த் தேறியது. கொண்டையூசி வளைவுகள் பதினான்கு. அவற்றிற்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். தமிழ் படித்தவனை ஏமாற்றுவதற்கு இதைவிட நல்ல வழி உண்டோ? வள்ளுவரைக் கடந்தோம், இளங்கோவைக் கடந்தோம், கம்பரிடம் மூச்சு வாங்கினோம். இருபது ஆண்டுகளாக வகுப்பில் இப்பெயர்களை இருந்த இடத்திலிருந்தே சொல்லி வந்தோம். ஒருவரிடமிருந்து மற்றவரிடம் செல்ல இத்துணை மூச்சு வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

மலை பாதித் துன்பம்; மீதித் துன்பம் காற்று. வளைந்து வளைந்து ஏறும் சாலையில் ஒரு வளைவு வரை காற்று முதுகைத் தள்ளும். அடுத்ததில் திரும்பியவுடன் முகத்தில் அறையும். தள்ளும்போது அதன் உதவி தெரிவதில்லை. அறையும்போது மட்டும் தெரிகிறது. இதற்கு இயற்பியலில் விளக்கம் உண்டு. காற்றின் தடை, விரைவின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. மணிக்கு 9 கிலோமீட்டர் விரைவில் ஓடுபவனை 27 கிலோமீட்டர் விரைவுடைய காற்று எதிர்த்தால், அவன்மீது மோதுவது 36 கிலோமீட்டர் விரைவுக் காற்று. விரைவு நான்கு மடங்கு. தடையோ பதினாறு மடங்கு!

1953இல் எவரெஸ்டுக்குச் சென்ற குழுவில் உடலியல் அறிஞராக இருந்த கிரிஃபித் பியூ, 1971இல் இத்துறையில் ஓர் ஆய்வை வெளியிட்டார். முன்னே ஓடுபவனுக்கு ஒரு மீட்டர் பின்னால் ஓடுபவனுக்குக் காற்றுத் தடையில் ஏறத்தாழ எண்பது விழுக்காடு குறைகிறது என்று அவர் கண்டார். யாம் இதைப் பின்னர்தான் படித்தோம். அன்று எமக்குத் தெரிந்ததெல்லாம், முதல் மூன்று வளைவுகளில் எம்மை வதைத்த காற்று அதன்பின் சற்றே இரங்கிவிட்டது என்பதுதான். எம் பயிற்சியின் பயன் என்று எண்ணி உள்ளூர மகிழவும் செய்தோம்.

எமக்கு முன்னே அம்மாணவன் ஓடிக்கொண்டிருந்தான். இரண்டு முழத் தொலைவு. திரும்பிப் பார்க்கவில்லை. காற்று இடப்பக்கம் வந்தால் இடப்பக்கம் விலகினான். வலப்பக்கம் வந்தால் வலப்பக்கம். நாம் நடந்தால் நடந்தான். "நீ போ தம்பி, உன் நேரம் வீணாகிறது" என்றோம். "மெதுவாத்தான் ஐயா வருது இன்னைக்கு" என்றான். நம்பினோம். பேகன் பெயர் தாங்கிய வளைவில் அவன் முதுகுச் சட்டை காற்றில் பாய்போலப் புடைத்திருந்தது. எம் சட்டையோ உடலோடு ஒட்டிக் கிடந்தது. மயிலுக்குப் போர்வை ஈந்தவனைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்தும் எமக்கு அப்போதும் விளங்கவில்லை.

மலைமேல் அத்தனாவூர், நிலாவூர்ச் சாலைகளில் எஞ்சிய தொலைவை ஓடி, புங்கனூர் ஏரிக்கரையில் முடித்தோம். இரண்டு மணி ஐம்பத்தெட்டு நிமிடம். முன்னரே வந்து அமர்ந்திருந்த நண்பர் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, மாணவன் தண்ணீர் குடிக்கச் சென்ற வேளையில் எம்மிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இவன் இன்று ஓடவே இல்லை, பேராசிரியரே. உங்களுக்குச் சுவர் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான்."

திரும்பும் வண்டியில் நண்பர் 2018ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானைப் பற்றிச் சொல்லிவந்தார். குளிர்மழையும் கடும் எதிர்க்காற்றும் கூடிய நாள். டெசிரே லிண்டன் என்னும் வீராங்கனை, தம்மால் இன்று முடிக்க இயலாது என்று எண்ணி, இடையில் ஒதுங்கிய ஷலேன் ஃபிளானகனுக்காக வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து, அவரை முன்னணிக் கூட்டத்தோடு சேர்த்துவிட்டார். இறுதியில் வென்றவர் அந்த லிண்டனே. ஆடவரில் வென்ற யூக்கி கவாவுச்சி, அந்நாளில் ஜப்பானிய அரசுப் பள்ளி ஒன்றில் அலுவலகப் பணியாற்றிக்கொண்டு, வேலை போக மிஞ்சிய நேரத்தில் பயின்றவர்.

எம் மாணவன் வெல்லவில்லை என்பதை இங்குச் சொல்லத்தான் வேண்டும். நண்பர் தம் குறிப்பேட்டில் அவன் நேரம் எழுதிய தாளைக் கிழித்து, "இது தேர்வு அன்று, இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்" என்றார். அவன் அதைக் கேட்கவில்லை. சன்னலோரம் தலை சாய்த்து, சோலையார்பேட்டை தொடங்கிச் சென்னை வரை உறங்கினான்.

சென்னையில் நண்பர் விடைபெற்றார். யாமும் அவனும் கும்மிடிப்பூண்டி மின்தொடர்வண்டியில் ஏறினோம். கவரைப்பேட்டையில் இறங்குகையில் அவன் எழவில்லை. உறங்கிவிட்டானோ என்று தோளைத் தொட்டோம்.

"தம்பி, ஊர் வந்துவிட்டது."

"நீங்க இறங்குங்க ஐயா. எனக்குக் கும்மிடிப்பூண்டி. சிப்காட்டுல பத்து மணி ஷிப்டு."

"இன்றைக்குமா? எப்போது முடியும்?"

"காலையில ஆறு மணிக்கு ஐயா. ஓவர்டைம் சொன்னா எட்டாகும். அப்பா போனதுலேர்ந்து போறேன்."

வண்டி நகர்ந்தது. நடைமேடையில் நின்றபடி, மறுநாள் திங்கட்கிழமை என்பதையும், முதற்பாடவேளை எம்முடையது என்பதையும் எண்ணிக்கொண்டோம்.