மூடிய கதவுக்கு அப்பால்

ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தில், விருந்தினனாக வந்த டங்கன் மன்னன் நள்ளிரவிற் கொல்லப்படுகிறான். ஆயினும் அக்கொலையை நாம் காண்பதில்லை. மேடையில் நிற்பவள் மக்பெத்தின் மனைவி ஒருத்தியே. ஆந்தை அலறுகின்றது, அவளோடு நாமும் மூச்சை அடக்கிக் காத்திருக்கிறோம். சற்றுப் பொறுத்து, குருதி தோய்ந்த கத்திகளைக் கீழே வைக்கவும் மறந்தவனாய்க் கணவன் வந்து நிற்கிறான்.

பழைய நாடகங்களைப் படமாக்குவோரின் திறனை அறிய இந்த ஒரு காட்சியே போதும் என்பது என் எண்ணம். கமராவுக்கு மூடிய கதவு என்று ஒன்றில்லை. உள்ளே நுழைவதா, வெளியே நிற்பதா என்பதை நெறியாளரே தீர்மானிக்க வேண்டும்.

ரோமன் போலன்ஸ்கி 1971இல் எடுத்த படத்தில் உள்ளே நுழைந்தார். ஷேக்ஸ்பியரின் வசனங்களைப் பேசவைத்த அவரே, நாடகாசிரியர் மறைத்ததைத் திறந்து காட்டினார். 2021இல் ஜோயல் கோயன் கறுப்பு வெள்ளையில் எடுத்த அழகிய படமும் அவ்வறைக்குட் போகத்தான் செய்தது. இரண்டையும் பார்த்துத் திடுக்குற்றேன். ஆனால் திடுக்கம் வேறு, அச்சம் வேறு.

அச்சத்தை நான் கண்டது அகிரா குரோசாவாவின் படத்தில். 1957இல் வெளிவந்த அதன் ஜப்பானியப் பெயருக்குச் 'சிலந்திவலைக் கோட்டை' என்று பொருள். கதை பழைய ஜப்பானின் போர்க்காலத்துக்கு மாறிவிட்டது; ஷேக்ஸ்பியரின் கவிதையில் ஓரடிகூட இல்லை. (பரீட்சைக்குப் படிக்கும் மாணவர் இதை நம்பிப் போகலாகாது!) ஆனால் கணவன் ஈட்டியோடு சென்றபின், கமரா அவன் பின்னே போகவில்லை, மனைவியோடு அறையிலேயே தங்கிவிடுகிறது. 'நோ' நாடக முகமூடி போன்ற முகத்தோடு இசுசு யமாடா காத்திருக்கிறார். பட்டாடை உரசும் ஒலியே பெரிதாகக் கேட்கின்றது. திரும்பிவந்த தொஷிரோ மிபுனேயின் விரல்கள் ஈட்டியை விட மறுக்கின்றன. அவள்தான் அதைப் பறித்தெடுக்க வேண்டியிருக்கிறது. சொற்களை எல்லாம் கைவிட்டவர் கதவை மட்டும் கைவிடவில்லை.

உயர்தர வகுப்பிற் படிக்கும் என் மருமகன் இதை ஒப்பவில்லை. "அந்தக் காலத்து மேடையிலே வசதி இல்லை, மாமா. அதனாலேதான் மறைத்தார்" என்றான். அப்படியானால் அதே நாடகத்தில் பாங்கோவும், மக்டப்பின் சிறுமகனும் நம் கண்ணெதிரே கொல்லப்படுவது எப்படி? காட்டத் தெரிந்தவர்தான் இதைக் காட்டாமல் விட்டார் என்றேன்.

அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். "சரி மாமா, குரோசாவாவின் படத்திலே கொன்றவர்களின் நடுக்கத்தைத்தானே பார்க்கிறோம்? செத்த கிழவனை யார் பார்ப்பது?" என்று கேட்டான்.

போலன்ஸ்கியின் டங்கன் கத்திக்கு முன்னே கண்விழிப்பது அப்பொழுதுதான் என் நினைவுக்கு வந்தது. அந்த முகத்தை மேடை ஒருநாளும் நமக்குத் தந்ததில்லை.