மணியில் நெய்த மான்

மெக்சிகோ நாட்டின் மேற்கு சியரா மாட்ரே மலைகளில் விராரிக்கா என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். வெளியார் அவர்களை விச்சோல் என்பார்கள். அவங்க கையில் கட்டுகிற மணிப்பட்டையில் நீல மான் ஒன்று அடிக்கடி வரும்.

அதன் பெயர் கவுயுமாரி. தெய்வங்களுக்கும் மனிதர்களுக்கும் நடுவே தூது போவது அந்த மான்தான். அது கால் வைத்த இடத்தில் பெயோட்டே என்ற முள்ளில்லாத சின்னக் கள்ளி முளைத்ததாம். மான், மக்காச்சோளம், கள்ளி மூன்றும் அவர்களுக்கு ஒன்றே. விரிக்குத்தா என்ற பாலைநிலத்துக்கு யாத்திரை போகிறார்கள். 500 கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதையை 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இப்போ தறிக்கு வருவோம். எங்க வீட்டில் கைத்தறி ஓடுது, அதனால எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச பகுதி! மணித்தறி சின்னது, மடியிலேயே வைத்துக்கலாம். நான் பழைய போட்டோ சட்டத்தில் ஆணி அடிச்சு ஒண்ணு செஞ்சேன். வரிசைக்கு 15 மணி என்றால் பாவு இழை 16 வேண்டும். ஒவ்வொரு மணியும் இரண்டு இழைக்கு நடுவே உட்காரணுமே! ஊசியில் 15 மணியையும் கோத்து, பாவுக்கு அடியில் கொண்டுபோய், விரலால் மேலே அமுக்கணும். திரும்பி வரும்போது ஊசி பாவுக்கு மேலாக, மணிகளின் துளைக்குள் வரணும். அப்புறம் மணி அசையாது. நாடாவும் இல்லை, மிதியும் இல்லை. அப்பா பார்த்துட்டு, "ஊடை ரெண்டு தடவை போகுதுல்ல, அதான் பிடிப்பு" என்றார்.

கஷ்டம் வளைவில்தான். எல்லாமே கட்டம் என்பதால் மானின் கொம்பைப் படிக்கட்டு மாதிரிதான் இறக்க முடியும். கிராஃப் தாளில் வரைந்து பார்த்தேன். காது வைத்தால் கொம்புக்கு இடமில்லை!

இன்னொரு விஷயம், இந்தக் கண்ணாடி மணி அவங்க ஊரில் செய்வதல்ல. ஐரோப்பியர் வருவதற்கு முன் விதை, எலும்பு, சிப்பி இவற்றில்தான் மணி. இன்று செக் நாட்டிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வருகிறது. மணி வெளிநாடு, மான் மட்டும் அவங்களோடது.

எங்க வகுப்பில் நாலு பேர் மான் பட்டை செஞ்சு தரச் சொல்றாங்க, காசு கூடத் தர்றாங்களாம். எனக்கு மனசு ஒப்பலை. "அவங்களே சந்தையில் விற்கிறாங்களே" என்றாள் தோழி. விற்கிறாங்கதான், பலருக்கு அதுதான் பிழைப்பு. அதனாலேயே அதைப் பார்த்துச் செஞ்சு நாம விற்கக் கூடாதுன்னு சொல்றேன்.

முருகனோட மயில் கேளுங்க, செஞ்சு தரேன். 15 மணி அகலத்தில் தோகை அடங்கலை, அதனால 21 ஆக்கி, பாவு 22 இழை ஏத்தியாச்சு. பச்சை மணிதான் இன்னும் ரெண்டு பாக்கெட் வேணும்.

– 9-ஆம் வகுப்பு மாணவி